அண்ணனுக்கு ஒரு சாம்பிள்

அண்ணன் எறிந்த அயர்ன் பாக்ஸ் அப்பாவின் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. வீட்டை ஒட்டிய எங்கள் பனியன் யூனிட்டில் மிஷின்கள் எல்லாம் நின்றன. அப்பா விடுவாரா? கட்டிங் டேபிளில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அண்ணனின் தோளிலும் முதுகிலும் விளாசினார். அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இருபத்தைந்து வயது முகத்தில் அத்தனை அலுப்பு.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்ட விட்டுப் போயிரோணும். திமிரு புடிச்ச நாயி!"

"எங்கிருந்தாலும் ஒண்ணுதானுங்கப்பா" என்றான் அண்ணன்.

நான் கோவையில் சைக்காலஜி இரண்டாம் வருடம்; லீவுக்கு வந்திருந்தேன். அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். மனச்சோர்வு என்றால் மூலையில் அழுதுகொண்டு கிடப்பது என்றே நினைத்திருந்தேன். எரிச்சலாகவும் வெடிக்குமாம். ஆளை ஒரேயடியாக அடித்துச் சாய்ப்பது ஒரு வகை. மங்கலாக, பெரும்பாலான நாட்கள், இரண்டு வருடத்துக்கு மேலும் விடாமல் தூக்கத்தையும் தெம்பையும் தின்பது இன்னொரு வகை. இதேதான்!

மறுநாளே நெற்றித் தையலோடு அப்பாவை மனநல டாக்டரிடம் இழுத்துப்போனேன்.

"ஆளைப் பாக்காம நோய்க்குப் பேர் வைக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "தைராய்டு, குடி, எல்லாம் பாக்கணும். கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?"

"பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க" என்றார் அப்பா. "கொணமுங்க, கொணம்."

"எல்லா வீட்டுலயும் இதத்தாங்க சொல்றாங்க. அதனாலதான் வருசக்கணக்கா தெரியாமலே கெடக்குது."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கேட்டேன்: "நம்ம பனியன் லாட்டு ஒண்ணு ரிஜெக்ட் ஆச்சே, குறை எப்படிங்கப்பா தெரிஞ்சுது?"

"ஓட்டைன்னா ஒடனே தெரியும் கண்ணு. அது மொத்த லாட்டுமே சாயம் மங்கலு. மொதல்லயே ஓகே பண்ணி வெச்ச அப்ரூவ்டு சாம்பிள பக்கத்துல வெச்சப்பறந்தான தெரிஞ்சுது."

"அண்ணனுக்கும் சாம்பிள் இருக்குதுங்க. கரண்ட் போனா, சரக்கு வாங்க வர்ற வெளிநாட்டு பையர் மாதிரி பனியன மோந்து பாத்து நடிச்சுக் காட்டுவானே! உங்களுக்குச் சிரிச்சே பொரையேறுமே?"

அப்பா நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார். வேலம்பாளையத்தில் இறங்கும்போது சொன்னார்: "அது ஆச்சு, நாலு வருசம்... அவனா டாக்டர்கிட்ட வந்தா ஊட்டுலயே இருக்கட்டும். இல்லீனா ஞாயித்துக்கெழமதான்."

நோயின் பெயரைச் சொன்னால் அண்ணன் அடுத்து எதை எறிவானோ. அதனால் காலையில் ஒரு பனியனோடு அவன் முன்னால் போய் நிற்பது, "அந்த பையர் எப்படிண்ணா மோந்து பாப்பான்?" என்று கேட்பது, அவன் நடித்தாலும் நடிக்காவிட்டாலும் டாக்டரிடம் கூப்பிடுவது என்று முடிவெடுத்தேன். கத்திரிக்கோல்களை முதலில் எடுத்து ஒளித்துவிட வேண்டும்.