இரண்டாவது முடிச்சு

குடியரசு தினத்தன்று காலை, நான் படித்த பள்ளியின் மைதானத்தில் நடந்தவை, வரிசைப்படி:

1. தலைமை விருந்தினர் கொடிக் கயிற்றை இழுத்தார்.

2. கொடி விரியவில்லை.

3. இன்னும் பலமாக இழுத்தார். கம்பம் லேசாக ஆடியது. உச்சியில் இருந்த மூட்டை மட்டும் அசையவில்லை.

4. ஆறாம் வகுப்பு வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடுத்தடுத்த வரிசைகளுக்குப் பரவியது.

5. பி.இ.டி. சார் ஓடிவந்து கொடியை இறக்கினார். நகத்தால் முடிச்சைக் கீறிப் பார்த்தார். பிறகு பல்லைக் கொண்டுபோனார். "தேசியக் கொடியில பல்ல வைக்காதய்யா!" என்று விருந்தினர் கத்தினார். மைக் ஆனில் இருந்தது.

6. "யாரு கட்டினது இத?" என்று அடுத்த கேள்வி. எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு கை உயர்ந்தது... அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது உயர்வது போல.

7. அந்தக் கையே வந்து முடிச்சை அவிழ்த்தது. கண் இமைக்கும் நேரம்தான். வானத்திலிருந்து உதிர வேண்டிய பன்னீர் ரோஜா இதழ்கள் மொத்தமும் விருந்தினரின் ஷூ மேல் கொட்டின.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி, என் அண்ணன் மகள் நிலா.

பழைய மாணவர்களுக்கென்று போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆரஞ்சு மிட்டாயும் கையுமாக உட்கார்ந்திருந்த நான், மிட்டாயை அப்படியே விழுங்கிவிட்டேன்.

பிறகு கொடி ஒழுங்காக ஏறியது. எல்லோரும் பாடினோம். காற்றில் அது அழகாகவே பறந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம் இல்லையா? முடியவில்லை. விருந்தினர் ஓய்வுபெற்ற அதிகாரி. தன் உரை முழுவதையும் 'அவமரியாதை' என்ற ஒரே சொல்லின் மேல் கட்டினார். "கொடிய மதிக்கத் தெரியாத பொண்ணு, தினமும் உறுதிமொழி வேற வாசிக்குதாம்!" என்று முடித்தார்.

உரை முடிந்த கையோடு தலைமை ஆசிரியை அறிவித்தார்: நிலா இனி உறுதிமொழி வாசிக்க மாட்டாள்.

ஒரு மைக்தானே, போனால் போகட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நிலா கணக்கில் சுமார். ஓட்டத்தில் கடைசி. கோலப் போட்டியில் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. அவளிடம் இருப்பது ஒரு குரல். கணீரென்று, மூலையில் நிற்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல். காலையில் அந்த மைக்கின் முன் நிற்பதற்காகவே தானே எழுந்து, தானே பின்னிக்கொண்டு, பிரேயருக்கு முந்தியே பள்ளியில் இருப்பாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு வயிற்று வலி வந்துவிட்டது.

இதற்குள் யாரோ போனில் எடுத்த வீடியோ எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு தேசபக்தி எங்கே?' என்று கேட்டிருந்தார் ஒரு பெரியவர். அவர் ஸ்கூட்டரை எனக்குத் தெரியும். போன ஆகஸ்டில் ஹேண்டில் பாரில் செருகிய கொடி இன்னும் அதில் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்து, மூன்று நிறமும் ஒரே நிறமாகிவிட்டது. அதை யாரும் 'அவமரியாதை' என்று சொன்னதில்லை. அவரும் வேண்டுமென்றே செய்யவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

பெரியவர்கள் செய்தால் மறதி. பிள்ளைகள் செய்தால் தேசத்துரோகமா?

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். ஒரு பொருளில் குறை வந்தால் 'யார்?' என்று கேட்கக் கூடாது. 'ஏன்?' என்று கேட்க வேண்டும். ஒரு முறை கேட்டு நிறுத்தக் கூடாது. பதிலுக்குள்ளேயே போய் அடுத்த 'ஏன்' கேட்க வேண்டும். அடி வேர் தட்டுப்படும் வரை.

வயிற்று வலிக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொடி ஏன் விரியல?"

"அத்தே, நீயுமா?"

"திட்டல. சொல்லு."

"முடிச்சு அவுறல."

"பி.இ.டி. சார் உருவு முடிச்சு சொல்லிக் கொடுத்தாருல்ல? இழுத்தா தானா அவுந்துடுமே?"

"அதத்தான் மொதல்ல போட்டேன். அப்புறம் மேல இன்னொண்ணு போட்டேன்."

"ஏன்?"

"மேல ஏத்துனதும் காத்து அடிச்சிது. மூட்ட ஆடிக்கினே இருந்துது. அதான் எறக்கி, நம்ம வூட்டு முடிச்சு ஒண்ணு போட்டு ஏத்தினேன்."

எங்கள் வீட்டு முடிச்சு என்றால் இங்கே எல்லா நெசவு வீட்டுக்கும் தெரியும். தறியில் பாவு நூல் அறுந்தால் போடுகிற முடிச்சு. கடுகு மாதிரி இருக்கும். சேலை தறியை விட்டு இறங்கினாலும் அது அவிழாது. தானாக அவிழ்ந்தால் அது முடிச்சே இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். எப்படி அவிழ்ப்பது என்பதும் போட்ட கைக்கே தெரியும்.

"சரி, ஆடினா ஆடட்டுமே. ஏன் இன்னொண்ணு?"

"முன்னாடியே அவுந்து கொடி கீழ வுழுந்துட்டா?"

"வுழுந்தா?"

போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வுழுந்தா மொத்த ஸ்கூலும் ஜெயிலுக்குப் போவணும்னு சார் சொன்னாரு."

சார் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அடி வேர் அதுதான். முதல் முடிச்சைப் போட்டது மரியாதை. இரண்டாவது முடிச்சைப் போட்டது பயம். கொடி சிக்கிக்கொண்டது இரண்டாவதில்.

சனிக்கிழமை தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். போகும் வழியில் மூன்று பாயிண்ட் தயார் செய்துகொண்டேன். அவர் மேஜைக்கு முன் நின்றதும் மூன்றும் காணாமல் போயின. மறுபடியும் ஒன்பதாம் வகுப்பாகிவிட்டேன்.

"மிஸ், அது வேணும்னு செஞ்சது இல்ல..."

"எனக்குத் தெரியாதாம்மா? அந்தப் பொண்ணு பூ பொறுக்கி வச்சு கட்டினத நான்தான் பார்த்துக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் மிஸ்?"

"அந்த வீடியோ எங்கெங்கயோ போவுது. அந்த கெஸ்ட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட்டா யாரு பதில் சொல்றது? நீ வந்து சொல்லுவியா? நடவடிக்கை எடுத்தேன்னு நான் சொல்லணும்ல? திங்கக்கிழமையிலேர்ந்து ஜெனிபர் படிக்கட்டும். கொடிக்கிட்ட இனிமே பசங்களே போவ வேணாம். சாரே கட்டிடுவாரு. பிரச்சனையே இல்ல."

அங்கேயும் ஒரு இரண்டாவது முடிச்சு. என்னால் அவிழ்க்க முடியவில்லை. "வர்றேன் மிஸ்" என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கிட்டே போகவே கூடாத ஒரு கொடியை, பிள்ளைகள் எப்படி நேசிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெனிபர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிலாவின் வகுப்பு. அவள் அப்பா ஐயம்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தார் எங்கள் தெருவுக்குள் கால் வைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. இன்று ஜெனி எங்களைக் கேட்காமலேயே எங்கள் ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"ஏய், என்னப் படிக்கச் சொல்லிட்டாங்கடி. ஒனக்குக் கோவமா?"

"எனக்கு இன்னா கோவம்? படி. மைக்குல புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு மட்டும் வுடாத."

"அது இல்லடி. எனக்கு முழுசா தெரியாது."

"இன்னாது? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெனம் சொல்லிக்கினு இருக்கற!"

"நீ சொல்லுவ, நான் பின்னாடி சொல்லுவேன். தனியா சொன்னா பாதியில நின்னுடுது."

கூடத்தில் இருந்த அண்ணன் சிரித்தார். "இதுகூடவா தெரியாது? நான் சொல்றேன் கேளு" என்று வலது கையை நீட்டி ஆரம்பித்தார். நாடு வந்தது. நாட்டு மக்கள் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்கிற இடம் வரை கம்பீரமாக வந்தது. அதற்குப் பிறகு பெருமையா, மரியாதையா, எது முதலில்? கை நீட்டியபடியே நின்றது.

"அவ்ளோதானா சார்?" என்றார் அண்ணி, தோசைக் கரண்டியோடு.

"நீ சொல்லேன் பாக்கலாம்!"

அண்ணியும் அதே இடத்தில் நின்றார். நானா? உடன்பிறந்தவர்களைத் தாண்டி ஒரு அடி கூடப் போக முடியவில்லை. இன்ஜினியரிங் படித்திருக்கிறேன், தெரியும்தானே!

நீங்களும் இப்போதே ஒருமுறை முயன்று பாருங்கள். பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கூட்டத்தோடு சொல்லும்போது எல்லோருக்கும் தெரியும். தனியாக நிற்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. வருஷக்கணக்கில் வாயசைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நிலாவுக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வரியும் எதற்காக அங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தது. அன்று மாலை முழுவதும் மாடியில் ஜெனியை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஜெனி கிளம்பும்போது கேட்டின் அருகே நின்று, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டுத்தான் போனாள். என் காதால் கேட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். நிலாவைப் பள்ளியில் இறக்கிவிட்டேன். நான் கிளம்பாமல் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

ஜெனி மைக் முன் வந்தாள். வலது கையை நீட்டினாள். பள்ளி மொத்தமும் கை நீட்டியது. ஜெனி ஒரு வரி சொல்ல, பள்ளி அதைத் திருப்பிச் சொன்னது. எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்கிற வரி வந்தது. பள்ளி திருப்பிச் சொன்னது.

அடுத்த வரி வரவில்லை.

உறுதிமொழி முடியாமல் கையை இறக்கக் கூடாது, இல்லையா? அத்தனை கைகளும் அந்தரத்தில். பி.இ.டி. சார் கணக்கு டீச்சரைப் பார்த்தார். கணக்கு டீச்சர் வேப்ப மரத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியையின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஜெனி யாரையும் பார்க்கவில்லை, எட்டாம் வகுப்பு வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மைக் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கணீரென்று கேட்டது. அடுத்த வரி. பள்ளி அதைப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வரி. கடைசி வரை அப்படியே போனது. முடிந்ததும் கைகள் இறங்கின. சிலர் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள்.

பிரேயர் முடிந்ததும் தலைமை ஆசிரியை இரண்டு பேரையும் கொடிக் கம்பத்தருகே அழைத்தார். நான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தேன்.

"மறந்துட்டியா ஜெனிபர்?"

"ஆமா மிஸ்."

"நேத்து தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மிஸ்."

"இன்னிக்கு?"

"மறந்துடுச்சு மிஸ்."

"நாளைக்கும் மறந்துடுமா?"

ஜெனி கொஞ்சம் யோசித்தாள். "மறந்துடும்னுதான் நெனைக்கிறேன் மிஸ்."

தலைமை ஆசிரியை வாயை இறுக்கிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இருவரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அடுத்த வரி வரலம்மா" என்றார் மெதுவாக. "எத்தன வருஷம் சர்வீசு! நீட்டின கைய என்ன பண்றதுன்னே தெரியல."

"அந்த கெஸ்ட்டு மேலிடத்துக்கு எழுதிட்டா மிஸ்?"

"எழுதட்டும். ஸ்கூல்ல ஒருத்திக்காவது முழுசா தெரியுதுன்னு நான் பதில் எழுதறேன்."

அந்த வாரமே, தலைமை ஆசிரியை சொல்லி, பி.இ.டி. சார் எட்டாம் வகுப்பைக் கம்பத்தடிக்கு அழைத்துப் போனார். கொடிக்குப் பதில் ஒரு துண்டு. ரோஜாவுக்குப் பதில் வேப்பிலை. ஒவ்வொருவராகக் கட்டிப் பார்க்க வேண்டும். நிலா முதலில் வரவே மாட்டேன் என்றாளாம். "வாடி, சும்மா துண்டுதான்டி" என்று ஜெனி இழுத்து வந்தாளாம். நிலா ஒரு முடிச்சு மட்டும் போட்டு ஏற்றினாள். காற்று அடித்தது. யாரும் இழுக்காமலேயே துண்டு அவிழ்ந்து, வேப்பிலை சார் தலையில் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். சார்தான் அதிகமாகச் சிரித்தாராம்.

"சார், ஜெயிலு?" என்று கேட்டிருக்கிறாள் நிலா.

"அட, வுழுந்தா எடுத்து மறுபடி கட்டிக்கலாம்மா" என்றிருக்கிறார் சார்.

இதை மட்டும் முதலிலேயே சொல்லியிருந்தால்?

இப்போதைய நிலவரம் இது. உறுதிமொழியை வாரம் ஒரு பிள்ளை தனியாக, பார்க்காமல் சொல்கிறது. தடுமாறினால் வரிசையிலிருந்து யாராவது எடுத்துக்கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் மரியாதை வரை வந்துவிட்டார். விருந்தினர் இன்னும் சமாதானமாகவில்லை. வயிற்று வலி திரும்ப வரவில்லை. ஆகஸ்டில் கொடி கட்டப்போவது நிலா.

ஒரு முடிச்சுதான்.