என் பூம்பாத்திக்குள் நடந்த தபால்காரர்

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரில் நாங்கள் வாங்கிய வீடு ஒரு சரிவில் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் வாடகை வீட்டு பால்கனியில், சாடிக்குள்தான் நான் பூச்செடி வளர்த்தேன். அதனால் இந்த வீட்டில் சமையலறையைவிட முன்வளவுதான் எனக்கு முதலில் பிடித்தது. குடிவந்த இலையுதிர் காலத்திலேயே, வேலையில்லாத நாட்களில் குனிந்து நின்று மண்ணைக் கொத்தினேன், கல் பொறுக்கினேன். துலிப் கிழங்குகளை உறைபனி விழுமுன் புதைத்தேன். அவற்றுக்கு முன்னால் லாவெண்டர். கரையில் கொஞ்ச இடத்தைச் செவ்வந்திக்கு என்று விட்டேன். கோயிலுக்குப் போகும்போது என் வளவுப் பூவைக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு ஆசை.

எங்கள் தபால் பெட்டி தெருவோரத்தில், கேற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கணவரை இழந்த ஒரு சுவிஸ் அம்மா தனியாக வாழ்கிறார். அவருடைய பெட்டி உள்ளே, வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில். அங்கே போவதென்றால் தெருவுக்குத் திரும்பி, அவருடைய கேற்றால் நுழைந்து, படியேற வேண்டும். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி கிடையாது. என் பாத்தி மட்டும்தான்.

பனி கரைந்து துலிப் முளைகள் தலைகாட்டிய நேரத்தில் பாத்தியின் நடுவே சப்பாத்து அடையாளங்களைக் கண்டேன். முதலில் நாயோடு வருகிறவர்கள் யாரோ என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஜன்னலால் பார்த்தேன். தபால்காரர் தன் மூன்று சக்கர வண்டியை எங்கள் கேற்றில் நிறுத்தி, எங்கள் கடிதங்களைப் போட்டுவிட்டு, பாத்திக்குள்ளால் குறுக்கே நடந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். வந்த வழியாலேயே திரும்பினார். காதில் பாட்டுக் கேட்கும் கருவி. கீழே என்ன இருக்கிறது என்று ஒருதரமும் பார்க்கவில்லை.

தடி நட்டுக் கயிறு கட்டினேன். கயிற்றைத் தாண்டிப் போனார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால் விழுந்த இடத்தில் இன்னும் இரண்டு முளை நசிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

“இஞ்சாரும், விடுமப்பா. அந்த மனுசனும் வேலைக்கு ஓடுது. வந்த இடத்திலை ஏன் வீண் பிரச்சினை?” என்றார்.

“இன்னும் எவ்வளவு காலத்துக்கு வந்த இடம் எண்டு சொல்லப்போறியள்? இது எங்கடை வீடு,” என்றேன்.

அவர் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

பக்கத்து வீட்டம்மா வேறு யோசனை சொன்னார். முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி எண் தருகிறேன், நீ ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார் என்றார். அது எனக்கு ஒப்பவில்லை. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஒருமுறை அங்கே இருந்த ஒரு ஆச்சிக்கு வேறு யாருடையதோ ஸ்வெட்டரை நான் போட்டுவிட்டதாக அவருடைய மகள் நேரே பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னார். சலவையில் மாறி வந்த உடுப்பு அது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வசனத்தில் சொல்லி முடித்திருப்பேன். பொறுப்பாளரின் அறையில் நின்று விளக்கம் சொன்னபோது எனக்குக் காது சுட்டது. அதை இன்னொருவருக்குச் செய்ய மனம் வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்வது என்று முடிவெடுத்தேன்.

பேர்ண் நகரில் படிக்கும் மகள் இதைக் கேட்டதும், “அம்மா, சனிக்கிழமை நான் வந்து கதைக்கிறன்,” என்றாள். அவள் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலிருந்து டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் விசா அலுவலகத்திலும் எங்களுக்காகக் கதைத்தவள் அவள்தான். வேண்டாம் என்றேன். இந்த ஊரின் பிரெஞ்சு எனக்கு வகுப்பில் படித்து வந்ததல்ல. இல்லத்து முதியவர்களைக் குளிப்பாட்டி, தலைவாரிக் கதைத்துக் கதைத்தே வந்தது. அவர்கள் ஆறுதலாக, மரியாதையாகப் பேசுவார்கள். நானும் அப்படித்தான் பேசுவேன்.

எனக்கு லீவான ஒரு காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வந்தார். முப்பது வயதுக்கு மேலிருக்கும். “பொஞ்சூர்” என்று வணக்கம் சொன்னேன். பதிலுக்குச் சொல்லிக்கொண்டே பாத்திப் பக்கம் காலை எடுத்தார். பாடமாக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் பறந்துவிட்டன. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் மிதிப்பது என்னுடைய வேலை.”

காதிலிருந்ததைக் கழற்றினார். இங்கே ஒன்றும் இல்லையே, வெறும் மண் என்றல்லவா நினைத்தேன் என்றார். குனிந்து பாருங்கள் என்றேன். குனிந்தார். சிவப்பும் பச்சையுமாக மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்திருந்த நுனிகளையும், அவற்றுக்குப் பக்கத்தில் முறிந்து கிடந்ததையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டார். தெரு முழுக்க இப்படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, நேரம் போதாது என்றார். எனக்கு அது விளங்கும், நானும் ஓடி ஓடி வேலை செய்கிறவள்தான், ஆனாலும் படியால் போங்கள் என்றேன். படியால் போனார்.

நான் உள்ளே வந்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தெரு தெரியும்படியாகக் கதிரையைத் திருப்பிப் போட்டு, ராணி மாதிரி உட்கார்ந்து குடித்தேன்.

துலிப் பூத்தது. சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு மழைநாள். காலை வேலை முடிந்து வந்து ஜன்னலடியில் நிற்கிறேன், அவர் பக்கத்து வீட்டுக்கு ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு, பழைய பழக்கத்தில் பாத்திக்குள் கால் வைத்தார். முன்பு மிதித்து இறுகியிருந்த மண் மழையில் சறுக்கியது. விழுந்தார். பார்சல் லாவெண்டருக்குள் போய்க் கிடந்தது.

ஏசுவதற்கென்றுதான் வெளியே ஓடினேன். அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் ஏச்சு மறந்துபோய், கை தானாக வேலையைத் தொடங்கியது. எழும்ப வேண்டாம் என்றேன். விரல்களை ஆட்டச் சொன்னேன். கணுக்கால் எலும்பை அழுத்திப் பார்த்தேன். முறிவு மாதிரித் தெரியவில்லை, ஆனால் வீக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா குடையோடு வந்தார். இரண்டு பேருமாகத் தாங்கி அவரை என் சமையலறைக்குக் கொண்டுவந்தோம். காலைக் கதிரையில் உயர்த்தி, உறைந்த பட்டாணிப் பையைத் துவாயில் சுற்றி வைத்தேன். அவர் வேலைத்தலத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மதாம், உங்கள் பூக்கள்…”

“பூ திரும்ப வரும். காலை ஆட்டாதீர்கள்.”

அவரைக் கூட்டிப்போக ஆள் வந்த பிறகும் பக்கத்து வீட்டம்மா இருந்தார். அவர் என் வீட்டுக்குள் வந்தது அன்றுதான் முதல்தடவை. மனதில் பலநாள் இருந்ததைச் சொன்னேன். உங்கள் பெட்டியை எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், கடிதத்துக்காக யாரும் உள்ளே நடக்கத் தேவையில்லை. சொல்லும்போது தபால்காரரை மறித்ததைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பெட்டியை இறந்துபோன தன் கணவர் தன் கையாலேயே சுவரில் பொருத்தியதென்றும், பனிக்காலத்தில் தன்னால் தெரு வரை இறங்க முடியாதென்றும் அவர் சொன்னார். பனிக்காலத்தில் உங்கள் தபாலை நாங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து தருவோம் என்றேன். அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். நான் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டேனோ என்றிருந்தது.

சில நாட்களுக்குப் பிறகு கதவு மணி அடித்தது. அவர் பெட்டியைத் தானே கழற்றி, துடைத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். உன் கணவருக்கு இன்று நேரமிருக்குமா என்று கேட்டார். கணவர் அன்றைக்கே கட்டை நட்டு இரண்டு பெட்டியையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினார். எங்கள் குடும்பப் பெயர் நீளம் என்பதால் வாடகை வீட்டுக் காலத்திலிருந்தே தபால் பெட்டியில் பாதியை வெட்டித்தான் எழுதுவோம். அதை அந்த அம்மா பார்த்துவிட்டு, இடம் இருக்கிறதே, ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். முழுப்பெயரையும் எழுதினோம்.

தபால்காரர் குணமாகித் திரும்பி வந்தார். பார்சல் இருந்தால் படியால் போகிறார். எங்கள் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து, பிழையில்லாமல் சொல்லப் பழகிவிட்டார். பனிக்காலம் முழுக்கப் பக்கத்து வீட்டுத் தபாலை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல நாள் அங்கே கோப்பி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்த வசந்தத்தில் பாத்தி இடைவெளி இல்லாமல் பூத்து நிற்கிறது. நாயோடு போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கணவர் சூக் நகரில் இருக்கும் தன் தமையனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஓம் அண்ணை, என்ரை மனிசி தான். மகளை வர வேண்டாம் எண்டுபோட்டு, தனியப் போய் நிண்டு, பிரெஞ்சிலை கதைச்சவ. நீங்கள் ஒருக்கால் வந்து பூவைப் பாருங்கோ.”