வாய்க்குள் சொன்ன பெயர்கள்

என் மகளின் மாமியார் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய புத்தகம் ஆவணி மாதத்தில் இலங்கையில், உக்குவளையில் என் கைக்கு வந்தது. தடித்த அட்டைக்குள் அவர்களுடைய குடும்பத்தின் கால்வழி முழுவதும் அச்சாகியிருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் ஓர் இளைஞன் மனைவியையும் விதைத் தானியத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மரமே இல்லாத மேற்குப் புல்வெளிக்குச் சென்றிருக்கிறான். புல்வேரோடு மண்ணைப் பாளம்பாளமாக வெட்டியெடுத்து, அதையே அடுக்கி வீடு கட்டியிருக்கிறான். வெட்டுக்கிளி தின்ற விளைச்சல், பனியில் புதைந்த பசு, தொண்டை அடைப்பான் நோயில் அடுத்தடுத்து இறந்த குழந்தைகள், அவர்களை அடக்கம் செய்த வேலியோரம் என்று எல்லாவற்றுக்கும் நாளும் இடமும் குறித்து வைத்திருந்தார்கள். ஆற்றைக் கடக்கையில் கால் முறிந்த எருதின் பெயரைக்கூட அவர்கள் மறக்கவில்லை. அந்த மண்ணில் அவர்களுக்கு முன்னரே வாழ்ந்திருந்தவர்களைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி இருந்தது. அதில் பெயர் எதுவும் இல்லை.

முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்குச் சில பக்கங்களாக, அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வண்டி மேற்கே போன அதே காலத்தில்தான் என் முன்னோரும் தோணியில் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து வந்தார்கள். வழிநெடுகச் செத்தவர்களை வழியிலேயே புதைத்தார்கள். எஞ்சியவர்கள் எல்கடுவ மலையில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டார்கள். அங்கே உழுதவனுக்கு நிலம் சொந்தமாயிற்று. இங்கே வெட்டியவனுக்கு லயம் என்ற தோட்டத்து வரிசைவீட்டில் ஓர் ஒற்றை அறை, ஒரு காம்பரா கிடைத்தது, வேலை செய்யும் வரைக்கும்.

மகள் அப்போது ஆறு மாதச் சூலியாக இருந்தாள். பிறக்கப்போவது ஆண் என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பிள்ளை ஆணாயின் புல்வெளிக்குப் போன அந்த முதல் மனிதனின் பெயரை இடுவது அவர்கள் வழக்கம். அதை அவள் மறுக்கவில்லை. இரண்டாம் பெயராக எங்கள் பக்கத்து முதல் மனிதனின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதே அவள் விருப்பம். பிள்ளையின் அறைச் சுவரில் இரண்டு குடும்பங்களின் கால்வழியையும் எதிரெதிரே மரமாக வரையத் தொடங்கியிருந்தார் சம்பந்தியம்மா.

"அவங்க மாட்டுப் பேரு வரைக்கும் வச்சிருக்காங்கப்பா" என்றாள் மகள் தொலைபேசியில். "எனக்கு உங்கப்பா, தாத்தா, பூட்டன், அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. நடந்து வந்தவரு பேரு என்னப்பா?"

"பெரியப்பாவுக்குத் தெரியும்" என்றேன், என் அண்ணனை நினைத்து.

"அவருக்குத்தான் பேச்சு இல்லையேப்பா."

தீபாவளிக்கு முதல்நாள் இறந்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படைத்தால் மட்டும் போதாது. முதல் மனிதன் தொடங்கி வரிசையாகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்; பெயர் சொல்லாமல் வைத்த சோற்றை அவர்கள் தொடமாட்டார்கள். அழைப்பவர் வீட்டுக்கு மூத்த ஆண்மகன் ஒருவர்தான். அவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்துக் குழந்தை விழிக்கும். சத்தமாக அழைத்தால், படைப்பதற்கு ஆளற்றுப்போன அடுத்த வீட்டு ஆவிகளும் கேட்டு வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும் என்று பயந்தார்கள். ஆகவே பெயர்கள் வாய்க்குள்ளேயே சொல்லப்பட்டன. கூடி நின்ற நாங்கள் உதடு அசைவதை மாத்திரமே கண்டோம்.

அந்த வரிசையை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கும் விதி இருந்தது. சாவு நெருங்கிவிட்டது என்று உணரும்போதுதான், ஒரே ஒரு காதில், ஒரே முறை சொல்வார்கள். முந்திச் சொன்னால் ஆயுள் குறையும். அப்பா மாத்தளை ஆஸ்பத்திரியில் அண்ணனைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அண்ணனும் அவ்வாறே தம் சாவுக்காகக் காத்திருந்தார். அவருடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்துபோன நாட்களில் ஒருமுறைகூட அவர் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. சென்ற மாசியில் வந்தது சாவு அல்ல, ஒரு பக்கத்தை முடக்கும் பாரிசவாதம். அது உயிரை விட்டுவைத்து நாக்கையும் எழுத்தையும் எடுத்துக்கொண்டது.

மாத்தளையில் அண்ணனைப் பார்த்த வைத்தியர் ஒரு செய்தி சொன்னார். பேச்சிழந்தவர்களில் சிலருக்கு, பல்லாண்டு வழக்கமாய்ச் சொன்ன மந்திரமோ சாமி பாட்டோ தானாக வாயில் வந்துவிடுவதுண்டாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் தீபாவளி வரை காத்திருந்தேன். "கொஞ்சம் பொறு, பேர் வரும்" என்று மகளிடமும் சொன்னேன்.

தீபாவளிக்கு முதல்நாள், அண்ணன் குடியிருந்த லயத்தருகே எல்கடுவ பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை கொட்டியது. அண்ணி அடுப்படியில் கோழிக்கறி கிளறிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"உள்ளுக்கு ஏறுங்க தம்பி. இம்புட்டு மழையில கொடையும் இல்லாம! படிச்சவங்களுக்கு நனையாதுன்னு நெனப்போ?"

நடுச்சுவருக்கு மேலாக அடுத்த காம்பராக்காரியின் குரல் வந்தது. "வாத்தியாரு வந்தாச்சாக்கா? அமெரிக்காக்காரனுக்கு நம்ம ஆளுக பேரு வேணுமாமே. அங்க என்னா, பேருக்குப் பஞ்சமா?"

"ஒனக்கு என்னாடி? காதைச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கியா?"

"எதுக்குக்கா ஒட்டணும்? செவுருதான் பாதியில நிக்குதே!"

அண்ணி சிரித்தார். அண்ணனின் உதட்டிலும் ஒரு பக்கம் மாத்திரம் மேலே ஏறியது.

அவர் அருகே அமர்ந்து, மகள் கேட்டதை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவருக்கு முழுவதும் விளங்கியது. வாய் திறந்தது, தாடை நடுங்கியது, காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

"விடுங்க தம்பி" என்றார் அண்ணி. "கேக்கக் கேக்கக் கட்டிக்கும். படையல்ல தானா வரட்டும்."

நான் அடுப்படிக்குச் சென்று தாழ்ந்த குரலில் கேட்டேன். "அண்ணி, இத்தனை வருஷத்துல ஒரு பேராவது ஒங்க காதுல விழலையா?"

"ஐயையோ! மாமனார் வழிப் பேரு மருமக காதுல விழக்கூடாதுன்னு மாமி சொல்லித்தானே வச்சாங்க. இவரு வெளக்குப் பத்த வச்சாலே நான் கோழிக்கு அரிசி போட வெளிய போயிருவேன்." கரண்டியை வழித்துச் சட்டியில் தட்டினார். "ஒங்க பரம்பரை அந்தக் கோழிகளுக்குத்தான் தெரியும். அதையும் வருஷா வருஷம் கறி வச்சுட்டோம்."

பிற்பகலில் படையல் போட்டோம். தலைவாழை இலையில் சோறு, கறி, ரொட்டி, சம்பல். பக்கத்தில் வெற்றிலை, சுருட்டு, அரைப் போத்தல் சாராயம், உடுத்த, மடிப்புக் கலையாத ஒரு சாரம். அண்ணி விளக்கை ஏற்றிவிட்டு, வழக்கப்படி அரிசிச் சுளகோடு மழையிலே வெளியே போனார். நான் அண்ணனை எழுப்பி நிறுத்தி, அவருடைய இடக்கையைப் பிடித்துக் கற்பூரத்தட்டைச் சுற்ற உதவினேன்.

அப்போது அவர் பேசினார்.

"வாங்க" என்றார். பழைய குரல், சிறிதும் குழறாத குரல். "வாங்க" என்றார் மறுபடியும். அடுத்த சொல் பெயராக இருக்கும் என்று மூச்சை அடக்கி நின்றேன். "வாங்க, வாங்க, வாங்க" என்று அது இடைவெளியே இல்லாமல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னே அவர் சொல்லிவந்த சொல் அதுதான் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. பெயர்கள் உதிர்ந்துவிட்டன, அழைப்பு மாத்திரம் தங்கிவிட்டது. யாரை அழைக்கிறோம் என்பதில்லாத அழைப்பு. வாய்க்குள்ளே வைத்துக் காத்த வழக்கம் போய், லயம் முழுவதும் கேட்கும்படி அது சுவருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் காம்பராவில் எந்த அரவமும் இல்லை. கற்பூரம் அணைந்த பிறகுதான் அவர் நிறுத்தினார்.

அண்ணி நனைந்த சேலையோடு ஓடி வந்தார். இத்தனை மாதங்களில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "கூப்பிட்டாரா தம்பி? சத்தம் கேட்டிச்சே!"

"கூப்பிட்டாரு அண்ணி."

பொய்யென்றும் சொல்ல முடியாது. மெய்யென்றும் சொல்ல முடியாது. அண்ணி, படைத்த சோற்றில் அவசர அவசரமாக ஒரு பங்கெடுத்துப் பிசைந்து அண்ணனுக்கு ஊட்டப்போனார். இறந்தவர்கள் உண்டபின் அதை நாங்கள் உண்பதுதான் முறை. அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டார். இடக்கையால் இலையைப் பிடித்து, சோறு சிதறச் சிதற, அப்பால் தள்ளினார்.

"ஏன், உப்புக் கம்மியா?" என்ற அண்ணி, அவர் கண்ணைப் பார்த்ததும் சோற்றுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று அந்த வீட்டில் எவரும் உண்ணவில்லை.

மறுநாள் உக்குவளைக்குத் திரும்பி மகளை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் அவள் அழும் ஒலி மாத்திரமே கேட்டது. அதன்பின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னைத் தேற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடே பேசினாள்.

"பரவால்லப்பா. ஒரு பேரு மட்டுமே வச்சிர்றோம். அத்தையும் தங்கமானவங்கப்பா. தெரியாதவங்களுக்கும் மரத்துல எடம் விடலாம், பூட்டனுக்கு மேல வெறும் கட்டமா வரையலாம்னு சொல்றாங்க. பென்சிலோட நிக்கிறாங்க. எத்தனை கட்டம்பா?"

அதுவும் எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.