சத்தம் போன இடம்

காலை ஆறு நாற்பது. மடிக்கணினித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கூரை. பிறகுதான் அண்ணியின் முகம் வந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கனடாவில் அப்போது இரவு. அண்ணை அங்கே ஒரு கிழமையாக மூச்சுக் கருவியில் இருந்தார். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவின் இதயம் பலவீனம். அதிர்ச்சியான செய்தி எதையும் திடீரென்று சொல்ல வேண்டாம் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அண்ணைக்குச் சின்ன ஒப்பரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம். கெட்டது நடந்தால், வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்வது என்று அண்ணியும் நானும் முடிவு செய்திருந்தோம்.

அறைக் கதவைச் சாத்தியிருந்தேன். மூடிய ஜன்னல் கண்ணாடியால் முற்றம் தெரிந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டியபடி கதிரையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கேல்லை அண்ணி. கொஞ்சம் பலமாக் கதையுங்கோ."

அண்ணி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். நான் சத்தத்தை நூறுக்கு ஏற்றினேன். ஒன்றும் இல்லை.

"திரும்பச் சொல்லுங்கோ."

சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறார் என்பது அதில்தான் விளங்கியது. செய்தி என்னவென்று முகத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழவேண்டும் என்றிருந்தது.

"இன்னொருக்கா, அண்ணி."

முற்றத்தில் அப்பா பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டவேயில்லை. அயல்வீட்டு ஆடு வேலிப் படலையால் நுழைந்து, அவர் நட்ட கத்தரிக் கன்றுகளில் வாய் வைத்தது. அவர் கலைக்கவில்லை.

திரையின் மூலையிலிருந்த ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினேன். சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று அது காட்டும். அப்பாவின் காதுக்கருவியின் பெயர் இருந்தது.

அதை அனுப்பியவர் அண்ணை. முதல் நாள் பின்னேரம், கீரிமலைத் திருவிழாவின் நேரலையை அப்பா கேட்பதற்காக, புளூடூத்தில் அதை மடிக்கணினியோடு இணைத்துக் கொடுத்திருந்தேன்.

"மேளகாரன் என்ரை மண்டைக்குள்ளை ஏறி இருந்தெல்லோ அடிக்கிறான்," என்று அப்பா சிரித்தார். "இனி நீ பக்கத்திலை நிண்டு கத்தத் தேவையில்லை. உன்ரை குரலுக்கு உந்த மேளம் எவ்வளவோ பரவாயில்லை."

மேளம் முடிந்ததும் மடிக்கணினியை அப்படியே மூடி வைத்தேன். ஒருமுறை இணைத்த கருவி கிட்ட இருந்தால், மூடியைத் திறந்ததும் அது தானாகவே பிடித்துக்கொள்ளும். முற்றத்துக் கதிரைக்கும் என் மேசைக்கும் இடையில் பத்து மீற்றர்கூட இல்லை. நடுவில் ஒரு சுவர்.

என் குரல் அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை, கதவு சாத்தியிருந்தது. அண்ணி சொன்னது மட்டும் கேட்டிருக்கும். மூன்று தடவை, முழுச் சத்தத்தில்.

சத்தத்தை மடிக்கணினிக்கு மாற்றினேன். அண்ணியின் குரல் பாதி வசனத்தில் அறைக்குள் வந்து விழுந்தது.

"...மாமாக்கு மட்டும் இப்ப சொல்லிப்போடாதேங்கோ தம்பி. அவர் தாங்கமாட்டார்."

"எப்ப அண்ணி?"

"இஞ்சை இரவு ஏழு அம்பதுக்கு. நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஆடு இன்னும் கன்றுகளுக்குள் நின்றது. அப்பா இரண்டு கருவிகளையும் கழற்றி, மடியில் கிடந்த பத்திரிகையின் மேல் வைத்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தினை மணிக்காம்?" என்றார். "திதி பாக்க வேணும்."

கருவி இல்லாமல் அவருக்குக் கேட்காது. பேனையை எடுத்து, பத்திரிகையின் வெள்ளை ஓரத்தில் எழுதிக் காட்டினேன்: எங்கள் நேரம், காலை ஐந்து இருபது.