படிக்காமல் கொடுத்த அனுமதி

கம்ப்யூட்டர் கேமில் ஓட்டுவதற்காக, எங்கள் மல்லேஸ்வரத்தில் ஓடும் பஸ் ஒன்றை ஆறு மாதம் உட்கார்ந்து வடிவமைத்து இணையத்தில் வெளியிட்டேன். மற்றவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு எந்த லைசென்ஸ் என்று கேட்ட இடத்தில், பட்டியலில் முதலில் இருந்ததைப் படிக்காமலே தேர்ந்தெடுத்தேன்.

என்னோடு வேலை செய்யும் ஷீலா, அதே பஸ்ஸுக்கு மழையும் வைப்பரும் சேர்த்து வெளியிட்டார். எல்லோரும் அதையே கொண்டாடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. 'திருட்டு' என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன்.

ஷீலா நேரில் வந்தார். "உங்க பேரப் போட்டா போதும், யாரு வேணா மாத்தி வெளியிடலாம்னு நீங்க குடுத்த லைசென்ஸ்லயே இருக்கே அண்ணா. நான் வெளியிட்ட பக்கத்துல மொதல் வரியிலயே உங்க பேரு இருக்கு, பாக்கலியா?"

இருந்தது. அதே குழுவில் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது லைசென்ஸை முழுதாகப் படித்த பிறகே எதையும் வெளியிடுகிறேன். ஷீலாவின் பஸ்ஸைத்தான் நானும் ஓட்டுகிறேன். அந்த வைப்பர் ஆடும்போதெல்லாம் இன்னும் வயிறு எரிகிறது.