ஆட்டுக்கால் தெய்வமும் மச்சானின் இடுப்பெலும்பும்

பாதி மனிதன், பாதி ஆடு என்று கிரேக்கர்கள் கும்பிட்ட காட்டுத் தெய்வம், நான் தின்ற ஆட்டுக்கறிக்கு நியாயம் கேட்க மெல்பேர்ன் மலைக்காட்டுக்கே வந்துவிட்டது என்று நம்பினேன். வயது ஐம்பத்திரண்டு. படித்தவன் வேறு.

அன்று எங்கள் புறநகரான மல்கிரேவிலிருந்து ஐந்து குடும்பங்கள் அந்தக் காட்டுக்குச் சுற்றுலா போயிருந்தோம். ஆட்டுக்கறி, விஸ்கி, பைலாப் பாட்டு. மனைவியின் தம்பி மட்டும் குடிக்கவில்லை, ஆடவில்லை. முழங்காலில் ஒப்பரேஷன். பயந்தாங்கொள்ளி. விசா முடிவு வரும்வரை என் வீட்டில் தங்கியிருப்பவன். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? சாப்பிட்டதும் அவனை நடக்க இழுத்துப்போய், மகளின் பாடப்புத்தகத்தில் படித்ததை அவிழ்த்துவிட்டேன்.

"பான் எண்டு பேர். கொம்பு, குளம்பு, கையில குழல். கூடவே குடிச்சுக் கூத்தாட ஆட்டுக்கால் கூட்டம் ஒண்டு. உச்சி நேரத்தில நித்திரை கொள்ளுவார். ஆரும் எழுப்பினா ஒரு கத்துக் கத்துவார். கேட்டவன் விசர் பிடிச்சு ஓடுவான்."

"எங்கட முனி மாதிரியோ?"

"ஓம். ஆனா இவர் நொண்டியளைத்தான் முதல்ல பிடிப்பார்."

"திரும்பிப் போவம், அத்தான்."

நான் விடுவேனா? பள்ளத்தின் விளிம்போடு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நின்று, பான் தெய்வத்தை எழுப்புவதற்காக ஆடுபோலக் கத்தினேன். புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. கட்டைக் குரலில் ஒரே ஒரு கத்து. செடிகளுக்கு மேலே இரண்டு கொம்புகள் எழுந்தன.

பின்னால் வந்த மச்சான் என் சட்டையைப் பிடித்தான். "விட்டிட்டுப் போகாதேங்கோ அத்தான். என்னால ஓடேலாது."

பாதையில் ஒருவர் போகத்தான் இடம் காணும். திரும்பும் வழியில் அவன் நின்றான்.

கார்கள் நின்ற இடம்வரை ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.

"தம்பி எங்க?" என்றாள் மனைவி.

"பயத்தில சறுக்கி விழுந்திட்டான்." மூச்சுத்தான் திக்கியது, பொய் திக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவனை அம்புலன்ஸ்காரர்கள் தூக்கிவந்தபோதுதான் சிரிப்பு நின்றது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அதன்பிறகு பிறந்தநாள் விருந்துகளில் நான்தான் ஆடு, நான்தான் மச்சான், நடித்துக்காட்டுவேன். விழுகிற இடத்தில் கைதட்டல் கிடைக்கும். அவன் ஊன்றுகோலோடு கதிரையில் இருந்து பார்ப்பான்.

ஒருமுறை என் மகள் கேட்டாள்: "மாமா, ரியலாவே பயந்து விழுந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை," என்றான், என்னைப் பார்த்தபடி.

புதருக்குள் நின்றது ஒரு கடமான். நான் அவனை இரண்டு கையாலும் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு ஓடினேன்.