மங்கனீசும் பிளேன் ரீயும்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள் மூவர்: பேராசிரியை, ஆய்வுகூடப் பொறுப்பாளர், நான். இல்லாதவர், எங்கள் போத்தல்களைக் கழுவித் தரும் அண்ணை. யாழ்ப்பாணத்தவர், ஏஜென்சி மூலம் வந்தவர். ஒரு முறைப்பாடு போனால் அடுத்த நாள் வேலை இல்லை.

பற்றீரியா என்ற நுண்ணுயிர் ஒன்று மங்கனீசை எப்படி உள்ளே எடுக்கிறது என்று பார்ப்பது என் வேலை. மங்கனீசு குறைந்தால் அது தன் தோலில் வாசல்களைக் கூட்டிக் கட்டும். போதுமானது வந்ததும் ஒரு புரதம் போய் மரபணுவின் மேல் குந்திக்கொண்டு, கட்டியது காணும் என்று நிறுத்திவிடும். அளவு மிஞ்சினால் நஞ்சு. நான் மங்கனீசே இல்லாத கரைசலில் வளர்த்தேன். வாசல்கள் நிறைய இருக்க வேண்டும். எட்டு மாதமாக, சில நாள் இருந்தன, சில நாள் இல்லை. பேராசிரியைக்கு என் கையில் சந்தேகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள்தான் காரணம் விளங்கியது. மூன்று மணிக்கு அண்ணை கழுவும் அறையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பால் விடாத பிளேன் ரீ போடுவார். சூடு ஆறாமல் ஒரு போத்தலில் ஊற்றித் துவாய்த் துணியில் சுற்றி வைத்து, கடதாசிக் கப்பில் தருவார். அன்று துவாயைக் கழற்றி, போத்தலை அலசி, என் போத்தல்கள் காயும் தட்டில் கவிழ்த்தார்.

"அண்ணை, உது என்ரை போத்தலெல்லோ?"

"ஓம், உதுக்குத்தான் மூடி இறுக்கம். நீரே உதிலை குடிக்கிறீர், உம்மடை பூச்சி குடிக்காதோ?"

தேயிலையில் மங்கனீசு நிறைய. கழுவி வந்ததை, ஒட்டியிருக்கும் உலோகம் போக அமிலத்தில் ஊறவைப்பது என் பொறுப்பு. பளபளவென்று இருந்ததால் பல நாள் ஊறவைக்காமல் விட்டிருந்தேன்.

அண்ணையின் முகம் மாறியது. "பிழையோ தம்பி?"

இல்லை என்றேன்.

என்னிடம் இன்னொரு வகைப் பற்றீரியாவும் இருந்தது. மங்கனீசை வெளியே தள்ளும் பம்பை அதில் நீக்கியிருந்தோம். உள்ளே எடுக்கும், வெளியே விட வழியில்லை, செத்துப்போகும். கூட்டத்தில் அந்த நினைப்பாகவே இருந்தேன். பேசாமல் இருந்தால் பொய்க்காரன். முழுவதும் சொன்னால் அண்ணை வெளியே. ஆய்வுகூடத்துக்குள் ரீ குடிப்பதே தடை.

அந்தப் போத்தலில் நான் ரீ ஊற்றி வைத்தேன் என்றேன். வேறு யாரும் சேர்ந்தார்களா என்று பேராசிரியை மெதுவாகக் கேட்டார். பொறுப்பாளர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். மூன்று மணிக்கு அவருக்கும் ஒரு கப் போகும்.

"இல்லை, நான் மட்டும்தான்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்யச் சொன்னார் பேராசிரியை. பொறுப்பாளர் அன்றே கழுவும் அறைக் கேத்தலை எடுத்துக் குப்பையில் போட்டார். அண்ணை இப்போதும் அங்கேதான் கழுவுகிறார். என் போத்தல்களை மட்டும் தனியாக வைக்கிறார், என்னோடு அதிகம் பேசுவதில்லை.

அந்த ரீக்கு நாங்கள் கொடுத்தது ஒரு கேத்தலும் என் எட்டு மாதமும்.